பாங்காங் ஏரிக்கு மேலே இரண்டு வெளிச்சங்கள்: ராணுவம் வானத்தை விசாரித்த கதை

2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை, லடாக்கில் பாங்காங் ஏரிப் பகுதியில் காவலில் இருந்த இந்திய வீரர்கள் இரவு வானில் இனம் தெரியாத வெளிச்சங்களை 329 முறை பார்த்துப் பதிவு செய்தார்கள். அவற்றில் 155 முறை அந்த வெளிச்சம் எல்லையைத் தாண்டி நம் பக்கம் வந்துவிட்டதாகக் குறித்திருந்தார்கள். சீனாவின் ஆளில்லா உளவு விமானங்களாக இருக்குமோ என்ற சந்தேகம் டெல்லி வரை போனது. கடைசியில் வானியலாளர்களை அழைத்துக் கேட்டார்கள். அவர்கள் சொன்ன பதில்: ஒன்று வியாழன், மற்றொன்று வெள்ளி.

2013 ஜூலையில் இந்தச் செய்தி வெளிவந்தபோது பலரும் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. வானில் ஒரு புரியாத வெளிச்சம் தெரிந்தால் அதை எப்படி விசாரிப்பது என்று யாராவது என்னிடம் கேட்டால், இதைவிட நல்ல பாடம் இல்லை என்றுதான் சொல்வேன். அந்த வீரர்கள் தவறாகக் கணித்தது உண்மை. ஆனால் விடையைக் கண்டுபிடிக்க உதவியதும் அவர்கள் கையால் எழுதிவைத்த நேரக் குறிப்புகள்தான்.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். பாங்காங் ஏரி கடல் மட்டத்திலிருந்து 4,200 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. கிழக்கு மேற்காக ஏறத்தாழ 134 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் உப்புநீர் ஏரி. அதன் பெரும்பகுதி சீனாவின் கட்டுப்பாட்டில் உள்ளது. இரு நாடுகளுக்கும் இடையிலான அசல் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோடு இந்த ஏரியின் குறுக்கே போகிறது. அந்தக் கோடு எங்கே ஓடுகிறது என்பதிலேயே இரு தரப்புக்கும் ஒத்த கருத்து இல்லை. தரையில் வேலியும் கிடையாது, கல்லும் கிடையாது. 1962 போரில் ரத்தம் சிந்திய மண் அது. ஏரியின் தென்கரையில் தாக்குங் என்ற இடத்தில் நம் காவல் சாவடி இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் சீனப் பகுதி கிழக்கே இருக்கிறது.

இந்தக் கிழக்கு என்ற சொல்லை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சூரியன், சந்திரன், விண்மீன், கோள் எல்லாம் கிழக்கில்தான் உதிக்கின்றன. ஆனால் தாக்குங்கில் கிழக்கே பார்த்து நிற்கும் வீரனுக்கு, அடிவானத்திலிருந்து கிளம்பும் எந்த வெளிச்சமும் அடுத்த நாட்டிலிருந்து கிளம்புவதாகவே தோன்றும். அப்படிச் சந்தேகப்படுவதுதான் அவனுடைய வேலையும்கூட.

வீரர்கள் பார்த்தது இதுதான். மஞ்சள் நிறத்தில் ஓர் உருண்டை வெளிச்சம் மலைக்குப் பின்னாலிருந்து மெதுவாக மேலே எழும். மூன்று முதல் ஐந்து மணி நேரம் வானத்தில் நகர்ந்து, பிறகு மறைந்துவிடும். இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையினரும் பார்த்தார்கள், படமும் எடுத்தார்கள். ராணுவம் ஏரிக்கு அருகே ஒரு மலைமேல் நடமாடும் ரேடாரைக் கொண்டுபோய் நிறுத்தியது. ரேடியோ அலைகளை அளக்கும் கருவியும் போனது. கண்ணுக்கு வெளிச்சம் தெரிந்துகொண்டிருந்த நேரத்தில் ரேடார் எதையும் காட்டவில்லை. ரேடியோ கருவியும் எதையும் பிடிக்கவில்லை. ஓர் ஆளில்லா விமானத்தை அதை நோக்கி அனுப்பிப் பார்த்தார்கள். எட்ட முடியவில்லை.

விசாரணையின் முக்கியமான திருப்பம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ரேடாரில் விழவில்லை என்றவுடன், அந்தப் பொருள் உலோகத்தால் ஆனதல்ல போலும் என்ற பேச்சு எழுந்தது. ரேடாரை ஏமாற்றும் புதிய விமானமோ என்ற அச்சம் கூடியது. ஆனால் அதே தகவலை இன்னொரு விதமாகவும் படிக்கலாம். ரேடார் ரேடியோ அலையை அனுப்பி, அது பொருளில் மோதித் திரும்பி வருவதை வைத்துத் தூரத்தைச் சொல்லும் கருவி. சில நூறு கிலோமீட்டருக்குள் இருப்பதைத்தான் ராணுவ ரேடார்கள் தேடும். 2012 டிசம்பர் தொடக்கத்தில் வியாழன் பூமிக்கு மிக நெருங்கி வந்திருந்தது. அப்போதும் அதன் தூரம் சுமார் 61 கோடி கிலோமீட்டர். அங்கிருந்து ஒளி இங்கே வந்து சேரவே 34 நிமிடம் ஆகும். ரேடார் சும்மா இருந்ததும், ஆளில்லா விமானம் எட்ட முடியாமல் திரும்பியதும் ஒரே சேதியைத்தான் சொன்னன: அது பக்கத்தில் இல்லை.

ஒரு வெளிச்சத்தின் மீது விசாரணை என்றால் முதல் கேள்வியே இதுதான். பக்கத்தில் இருக்கிறதா, தூரத்தில் இருக்கிறதா? இருட்டில் ஒற்றைப் புள்ளி வெளிச்சத்தின் தூரத்தைக் கண்ணால் சொல்லவே முடியாது. பகலில் ஒரு மரம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று நாம் சொல்வது, அதன் அளவு நமக்குப் பழக்கமானது என்பதாலும், நடுவில் வயலும் வரப்பும் தெரிவதாலும்தான். இரவில் அந்தத் துணை எதுவும் இல்லை. நூறு மீட்டரில் ஒரு டார்ச், பத்து கிலோமீட்டரில் ஒரு விமானம், கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு கோள் மூன்றும் கண்ணுக்கு ஒரே புள்ளிதான்.

தூரத்தை அறிய எளிய வழி ஒன்று உண்டு. அதை நாம் எல்லோரும் சிறு வயதிலேயே பார்த்திருக்கிறோம். இரவு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகும்போது சாலையோர மரங்கள் விர்ரென்று பின்னால் ஓடும். தொலைவில் உள்ள மலை மெதுவாக நகரும். நிலா மட்டும் நம்மோடு கூடவே வரும். நாம் இடம் மாறினாலும் திசை மாறாமல் ஒரு பொருள் தெரிந்தால், அது மிக மிகத் தொலைவில் இருக்கிறது என்று பொருள். ராணுவத்தில் இதையே இரண்டு சாவடிகளை வைத்துச் செய்யலாம். ஒன்றுக்கொன்று மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இரண்டு சாவடிகளிலிருந்து ஒரே நொடியில் அந்த வெளிச்சத்தின் திசையை அளக்க வேண்டும். ஏரிக்கு மேலே ஐந்து கிலோமீட்டர் தூரத்தில் ஒரு பலூன் மிதந்தால், இரண்டு இடங்களிலும் அளந்த திசைகள் பெரிதும் வேறுபடும். நிலத்தை அளக்கும் தியோடலைட் கருவி இருந்தால் பலூனின் தூரத்தையே கணக்குப் போட்டுவிடலாம். கோள் என்றால் இரண்டு அளவும் ஒன்றாகவே இருக்கும்.

அடுத்த கேள்வி: அது விண்மீன்களோடு சேர்ந்து நகர்கிறதா, தனியாக நகர்கிறதா? பூமி சுழல்வதால் வானம் முழுவதும் கிழக்கிலிருந்து மேற்காக, மணிக்கு 15 பாகை நகர்வது போலத் தெரியும். கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்கினால், முஷ்டியின் அகலம் வானத்தில் ஏறத்தாழ 10 பாகை. அதாவது துருவ விண்மீனுக்கு அருகே உள்ளவற்றைத் தவிர, ஒரு மணி நேரத்தில் ஒரு விண்மீன் ஏறத்தாழ ஒன்றரை முஷ்டி தூரம் நகர்ந்திருக்கும். பக்கத்து விண்மீன்களோடு அணிவகுத்து அதே வேகத்தில் போகிற வெளிச்சம் வானத்துக்கு உரியது. அவற்றைக் கடந்து போகிற வெளிச்சம் பூமியைச் சேர்ந்தது, அல்லது பூமியைச் சுற்றி வருவது. சர்வதேச விண்வெளி நிலையம் நான்கைந்து நிமிடங்களில் வானத்தைக் கடந்துவிடும். எரிகல்லுக்கு ஓரிரு நொடி போதும். மூன்று மணி நேரம், ஐந்து மணி நேரம் என்று நிதானமாகப் போவது என்றாலே ஒரு வானியலாளரின் காது நிமிர்ந்துவிடும்.

இந்தக் கேள்விகளோடுதான் இந்திய வானியற்பியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளே வந்தார்கள். பெங்களூரில் தலைமையகம் கொண்ட அந்த நிறுவனத்துக்கு அதே லடாக்கில், ஹான்லேயில், 4,500 மீட்டர் உயரத்தில் வான் ஆய்வகம் இருக்கிறது. அங்குள்ள இரண்டு மீட்டர் தொலைநோக்கிக்குச் சுப்பிரமணியன் சந்திரசேகரின் நினைவாகச் சந்திரா என்று பெயர். நம் ஊரோடு இந்த நிறுவனத்துக்கு உள்ள உறவு இன்னும் பழையது. அதன் வேர் பதினெட்டாம் நூற்றாண்டில் சென்னை நுங்கம்பாக்கத்தில் அமைந்த வான் ஆய்வகத்தில் இருக்கிறது. கொடைக்கானலில் சூரியனைப் பார்ப்பதும், காவலூரில் இரவு வானைப் பார்ப்பதும் இந்த நிறுவனத்தார்தான்.

வீரர்களின் குறிப்புகளில் இரண்டு வெளிச்சங்கள் பிரிந்து தெரிந்தன. ஒன்று மாலை ஆறு மணி வாக்கில் தோன்றி விடியற்காலை ஐந்து மணி வரை தெரிந்தது. மற்றொன்று காலை நான்கு மணி வாக்கில் எழுந்து, பொழுது விடிந்த பிறகும் பதினொரு மணி வரை தெரிந்தது. இந்த நேரங்களை வைத்துக்கொண்டு, அந்தத் தேதிகளில் எந்தக் கோள் எங்கே இருந்தது என்று பார்த்தால் போதும்.

அந்த ஆண்டு வியாழன் ரிஷப ராசியில் இருந்தது. பஞ்சாங்கம் பார்ப்பவர்களுக்கு 2012 மே மாதத்துக் குருப்பெயர்ச்சி நினைவிருக்கலாம். அதே ரிஷபம்தான். ஆகஸ்டில் அது நள்ளிரவு கழிந்துதான் கிழக்கே எழுந்தது. நாளுக்கு ஏறத்தாழ நான்கு நிமிடம் முந்தி முந்தி, டிசம்பரில் சூரியன் மறைகிற நேரத்திலேயே எழத் தொடங்கியது. வெள்ளியின் போக்கு வேறு. 2012 ஜூன் 6 அன்று அது சூரியனின் முகத்தைக் கடந்து போனதை நம்மில் பலர் வடிகட்டிக் கண்ணாடி வைத்துப் பார்த்தோம். அதன்பின் அது விடிவெள்ளியாக மாறியது. ஆகஸ்டில் சூரியனைவிட்டு வெகுவாக விலகி நின்று, பிறகு மாதாமாதம் சூரியனை நெருங்கி வந்ததால், அது எழும் நேரம் பிந்திக்கொண்டே போனது. ஒன்று முந்துகிறது, மற்றொன்று பிந்துகிறது. எந்த நாட்டு உளவு விமானமும் இப்படி ஒரு கால அட்டவணையை ஆறு மாதம் கடைப்பிடிக்காது.

டிசம்பர் இரண்டாம் பாதியில், அதாவது மார்கழியில், விடியற்காலையில் பாங்காங் ஏரிக்கு மேலே என்ன நடந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. கிழக்கே வெள்ளி எழுகிறது, மேற்கே வியாழன் சாய்கிறது. ‘வெள்ளி எழுந்து வியாழம் உறங்கிற்று’ என்று திருப்பாவையில் வருவது இதே காட்சி. மார்கழி தோறும் நாம் வாயால் பாடுவதை, அந்தக் குளிரில் சாவடியில் நின்ற ஒருவன் கண்ணால் பார்த்து, நேரம் போட்டு எழுதியிருக்கிறான்.

சரி, வெள்ளியும் வியாழனும் எல்லா ஊரிலும் தெரிகிறவைதானே, இவர்கள் ஏன் அடையாளம் காணவில்லை? இதைத்தான் பலரும் கேட்கிறார்கள். நம் சமவெளியில் அடிவானத்துக்கு அருகே தூசியும் புகையும் ஈரமும் கெட்டியாக நிற்கும். அங்கே உதிக்கும் கோள் மங்கலாகத்தான் வரும், பெரும்பாலும் நாம் கவனிப்பதே இல்லை. நான்காயிரம் மீட்டருக்கு மேலே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் அறுபது விழுக்காடுதான். தூசி மிகக் குறைவு. ஊர் விளக்குகள் இல்லை. அங்கே ஒரு கோள் மலை முகட்டைத் தாண்டி வெளியே வரும்போதே முழு ஒளியோடு வருகிறது. வெள்ளி, வானின் மிகப் பிரகாசமான விண்மீனைவிட ஏறத்தாழ பத்து மடங்கு ஒளி மிக்கது. அது திடீரென்று ஒரு முகட்டின் மேல் முளைத்தால், யாரோ விளக்கைப் போட்டது போலத்தான் இருக்கும். அந்த மெல்லிய காற்றில் சூரியன் வந்த பிறகும் அது கண்ணுக்குத் தெரிவதால், விடிந்த பின்னும் மறையாத விண்மீன் உண்டா என்ற குழப்பம் வேறு.

கண்ணும் தன் பங்குக்கு ஏமாற்றும். இருட்டில் ஒரே ஒரு புள்ளி வெளிச்சத்தை விடாமல் உற்றுப் பார்த்தால், சற்று நேரத்தில் அது தானாக அசைவது போலத் தோன்றும். புள்ளி அசைவதில்லை. ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் எதுவும் இல்லாததால் மூளை தடுமாறுகிறது. என் வீட்டு மொட்டை மாடியில் ஒருமுறை இதை நானே அனுபவித்தேன். மேற்கே தென்னை மரத்துக்கு மேல் வெள்ளி. மழை மேகத் துணுக்குகள் அதைக் கடந்து ஓடிக்கொண்டிருந்தன. வெள்ளி எதிர்ப்பக்கமாகப் பறப்பதாக என்னால் சத்தியம் செய்திருக்க முடியும். அது வெள்ளி என்று தெரிந்தும்தான் இந்த நிலை. பிறகு தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, தென்னங்கீற்றின் ஒரு நுனியை அடையாளமாக வைத்துக்கொண்டேன். பறத்தல் உடனே நின்றது. பத்து நிமிடத்தில் அது அந்தக் கீற்றுக்குப் பின்னால் மெல்ல இறங்கியது, எல்லா விண்மீன்களும் இறங்குகிற அதே வேகத்தில்.

அந்த 155 ஊடுருவல்களுக்கும் விளக்கம் இதிலேயே இருக்கிறது. மாலையில் கிழக்கு மலைக்கு மேல் இருந்த வெளிச்சம், நள்ளிரவில் தலைக்கு மேலே வந்து நிற்கிறது. தூரம் தெரியாத கண்ணுக்கு, அது அந்தப் பக்கத்திலிருந்து கிளம்பி நம் எல்லைக்குள் வந்துவிட்டது. குறிப்பேட்டில் ஊடுருவல் என்று எழுதாமல் வேறு என்ன எழுதுவான்? எல்லையில் ஆளில்லா விமானங்கள் அதிகரித்துவந்த காலம் அது. 2013 ஏப்ரலில் அதே லடாக்கின் டெப்சாங் சமவெளியில் சீனப் படையினர் கூடாரம் அடித்து, இரு தரப்பும் மூன்று வாரம் எதிரெதிரே நின்றன. அப்படிப்பட்ட சூழலில் வெளிச்சத்தின் மீது யாராவது அவசரப்பட்டுச் சுட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. இது கற்பனை அச்சம் அல்ல. 1942 பிப்ரவரியில், ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கி மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து வானில் எதிரி விமானம் என்று நினைத்து அமெரிக்கப் படைகள் 1,400-க்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டுத் தீர்த்தன. எதிரி விமானம் ஒன்றுகூட அங்கே இல்லை. சுட்ட குண்டுகளின் சிதறல்கள் தங்கள் ஊர் வீடுகளின் மேலேயே விழுந்தன. பாங்காங்கில் வீரர்கள் ஆறு மாதம் பார்த்தார்கள், எழுதினார்கள், மேலிடத்துக்குச் சொன்னார்கள். சுடவில்லை. அவர்களுக்குரிய மரியாதையை நாம் இங்கே தர வேண்டும்.

எதிர்ப்பக்கத்தில் ஓர் ஆபத்தும் உண்டு. எந்த வெளிச்சத்தைக் கேட்டாலும் “அது வெள்ளி” என்று சொல்லி முடித்துவிடுவது. 1948 ஜனவரி 7 அன்று அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பகல் வானில் ஒரு பெரிய வெண்ணிறப் பொருள் தெரிந்தது. அதைத் துரத்தி மேலே போன கேப்டன் தாமஸ் மான்டல், உயரத்தில் ஆக்சிஜன் இல்லாமல் விமானம் விழுந்து இறந்தார். அவர் துரத்தியது வெள்ளிக் கோள் என்று முதலில் விளக்கம் சொன்னார்கள். அந்தத் திசையில் வெள்ளி இருந்தது உண்மைதான். ஆனால் பகல் வெளிச்சத்தில் அவ்வளவு பெரிதாக அது தெரிந்திருக்காது. கடற்படை ரகசியமாக விட்டுவந்த ஸ்கைஹூக் என்ற ராட்சத ஆய்வு பலூனாகத்தான் அது இருக்க வேண்டும் என்று பின்னாளில் பலரும் ஏற்றுக்கொண்டார்கள். திசை பொருந்தியது, பிரகாசமும் அளவும் பொருந்தவில்லை. பாங்காங்கில் நேரம், திசை, வேகம், நாளுக்கு நாள் மாறும் போக்கு எல்லாமே பொருந்தின. இரண்டு முடிவுகளுக்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

அமெரிக்க விமானப்படை புராஜெக்ட் புளூ புக் என்ற பெயரில் 1952 முதல் 1969 வரை இத்தகைய புகார்களை விசாரித்தது. அதன் கணக்கில் சேர்ந்த 12,618 புகார்களில் 701 மட்டும் இனம் காணப்படாதவையாக மிஞ்சின. இனம் காணப்படவில்லை என்றால் வேற்றுக்கிரகத்திலிருந்து வந்தது என்று பொருள் கொள்ளக் கூடாது. கையில் இருந்த தகவலை வைத்து எந்த விளக்கத்தையும் உறுதியாகப் பொருத்த முடியவில்லை, அவ்வளவுதான். அதே நேரம், வெளிச்சம் என்றாலே கோள்தான் என்று ராணுவம் தூங்கிவிடவும் முடியாது. 2023 பிப்ரவரி 4 அன்று அமெரிக்கா தெற்கு கரோலினா கடலோரத்தில் சுட்டு வீழ்த்திய சீன பலூன் உண்மையிலேயே சீன பலூன்தான்.

இன்றைக்கு உங்கள் மாடியிலிருந்து புரியாத வெளிச்சம் ஒன்று தெரிந்தால், கைப்பேசியில் படம் பிடிக்கும் முன் ஒரு தாளை எடுங்கள். கைப்பேசிப் படத்தில் பெரும்பாலும் ஒரு நடுங்கும் புள்ளிதான் மிஞ்சும். எந்த இடத்தில் நிற்கிறீர்கள், மணி என்ன, எந்தத் திசை, அடிவானத்திலிருந்து எத்தனை முஷ்டி உயரம் என்று எழுதுங்கள். அசையாத ஒரு சுவரிலோ கம்பத்திலோ தலையைச் சாய்த்து, ஒரு கூரை விளிம்பை அடையாளமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கால் மணி நேரம் கழித்து அதே இடத்தில் நின்று மறுபடி எழுதுங்கள். முடிந்தால் அடுத்த தெருவில் உள்ள நண்பரை அழைத்து, அவருக்கு எந்தத் திசையில் தெரிகிறது என்று கேளுங்கள். வரிசையாகக் கோத்தது போல விளக்குகள் ஓடினால், 2019-க்குப் பிறகு கூட்டம் கூட்டமாக ஏவப்படும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களாக இருக்கலாம். அசையாமல் நின்று மெல்ல மேற்கே சாய்ந்தால், மறுநாளும் அதே இடத்தில் போய் நில்லுங்கள். அது எப்போது தோன்றியது என்பதோடு எப்போது மறைந்தது என்பதையும் விடாமல் குறியுங்கள். பாங்காங்கில் மாலை ஆறு மணி என்ற குறிப்போடு விடியற்காலை ஐந்து மணி என்ற குறிப்பும் இருந்ததால்தான் அது வியாழன் என்று சொல்ல முடிந்தது.